மழை விட்டும் தூவானம் விடவில்லை

'கடும் வானிலையும் வளரும் நாடுகளில் மக்களின் உடல்நலமும்' என்பது இந்த அரங்கில் பேச எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஆப்பிரிக்காவின் வறட்சி, வங்கக் கடல் புயல், பாகிஸ்தானின் வெள்ளம் என்று உலகைச் சுற்றி வரலாம். ஆனால் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு அதன் பழைய கதையைக் கிளறிப் பார்த்தால் கிடைக்கும் தெளிவு, பத்து நாடுகளின் புள்ளிவிவரத்தில் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். அந்த ஊர் நம்முடைய பினாங்காகவே இருக்கட்டும். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மழையும் வெயிலும் காய்ச்சலும் சேர்ந்து எழுதிய வரலாறு இந்தத் தீவுக்கு இருக்கிறது. அதில் நம்மவர்களின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் அண்மைக்காலச் செய்தி ஒன்று. 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பிற்பகலில் தொடங்கிய மழை மறுநாள் காலை வரை ஓயவில்லை. கூடவே பலத்த காற்று. மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஏறக்குறைய ஒரே இரவில் கொட்டியது. அதிகாலை மூன்று மணிக்கு அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங், அன்றைய துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடியைத் தொலைபேசியில் அழைத்து ராணுவ உதவி கேட்டார். மாநில ஆளுநர் மாளிகைக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் துயர் துடைப்பு மையங்களில் தங்கினார்கள். சில நாள்களில் தண்ணீர் வடிந்தது, சேற்றைக் கழுவினோம், நனைந்த மெத்தைகளைச் சாலையோரம் வீசினோம், செய்தியும் முடிந்தது.

ஆனால் மருத்துவக் கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது. 'மழை விட்டும் தூவானம் விடவில்லை' என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த விஷயத்தில் அப்படியே பொருந்தும்.

எலிக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் 'கென்சிங் திக்குஸ்' என்று சொல்கிறோமே, அதுதான். எலியின் சிறுநீரில் வெளிவரும் கிருமி, தேங்கிய நீரிலும் ஈரச் சேற்றிலும் உயிரோடு இருக்கும். காலில் ஒரு சிறு வெட்டுக்காயம் இருந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும். நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் ஆகும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். டிங்கிக் கொசுவின் கணக்கு வேறு. வெள்ள நீர் ஓடும்போது முட்டைகள் அடித்துக்கொண்டு போகும்; ஆனால் அது விட்டுச்செல்லும் டயர், டப்பா, உடைந்த பூச்சட்டி ஆகியவற்றில் தெளிந்த நீர் நிற்கும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள். அந்தக் கொசு நோயாளி ஒருவரைக் கடித்து, கிருமி அதன் உடலில் பெருகி, அடுத்தவரைக் கடிக்க இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, வெள்ளம் ஒரு மாதத்துக்குப் பிறகும் ஆளைப் படுக்க வைக்கும். அதற்குள் தொலைக்காட்சிக் கேமராக்கள் வேறு ஊருக்குப் போயிருக்கும்.

2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பிறகு அங்கே எலிக் காய்ச்சல் கூடியதை நம் நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிருமி புதியதன்று. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணிபுரிந்த வில்லியம் பிளெட்சர் 1920களிலேயே மலாயாவில் அதைக் கண்டு எழுதினார். ஆனால் மருத்துவர்கள் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் அது சேர்ந்தது 2010இல்தான்.

மாரியும் காய்ச்சலும்

மழைக்கும் நோய்க்கும் உள்ள உறவை நுண்ணோக்கி வருவதற்கு முன்பே மக்கள் உணர்ந்திருந்தார்கள். ஜார்ஜ்டவுன் குவீன் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலை நினைத்துப் பாருங்கள். மாரி என்றால் மழை. மழையைத் தருகிறவளும் அவளே. அம்மை போட்டால் வேண்டிக்கொள்வதும் அவளையே. ஒரே பெயருக்குள் மேகத்தையும் காய்ச்சலையும் சேர்த்து வைத்தவர்கள், கடல் தாண்டி வந்து கால் வைத்த இடத்திலெல்லாம் முதலில் அவளுக்குத்தான் கோயில் கட்டினார்கள். தோட்டப்புறங்களிலும் அப்படித்தான். இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிடாமல், அவர்கள் எந்த அச்சத்தோடு இங்கே வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்றாகவும் பார்க்கலாம்.

அந்த அச்சம் வெள்ளைக்காரரையும் விடவில்லை. கேப்டன் பிரான்சிஸ் லைட் 1786 ஜூலையில் வந்து இறங்கினார். ஆகஸ்ட் 11ஆம் நாள் கொடியேற்றித் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமையாக்கினார். அடர்ந்த காட்டை வெட்ட ஆள்களுக்கு ஊக்கம் வரவேண்டும் என்று பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, காடு வெட்டப்பட்டது உண்மை. வெட்டிய இடத்தில் மழைநீர் தேங்கியதும் உண்மை. எட்டே ஆண்டுகளில், 1794 அக்டோபர் 21ஆம் நாள், மலேரியாக் காய்ச்சலில் லைட் இறந்துபோனார். நார்தம் ரோடு என்று முன்பு அழைக்கப்பட்ட ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில், கம்போஜா மரங்களின் நிழலில் அவர் கல்லறை இருக்கிறது. சுற்றியுள்ள கல்வெட்டுகளில் இறந்தவர்களின் வயதைப் படித்துக்கொண்டே போனால் மனம் கனக்கும். வாலிபர்களும் கைக்குழந்தைகளும் நிறைய. அன்று காய்ச்சலுக்குச் சொன்ன காரணம் சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்று. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் அதுதான் பொருள்.

வசதி படைத்தவர்கள் தப்பிக்க வழி கண்டுபிடித்தார்கள். மலைமேல் குளிர்ச்சி, காய்ச்சலும் குறைவு. பினாங்குக் கொடிமலையில் நோயாளிகள் தேறுவதற்கென்று பங்களா கட்டினார்கள். தென்கிழக்காசியாவில் வெள்ளையர் அமைத்த மலைவாசத் தலங்களுள் மிகப் பழையது இது. 1920களில் மலை ரயிலும் வந்தது. கீழே தண்ணீர்மலை அருவியிலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவர 1800களின் தொடக்கத்திலேயே வாய்க்கால் அமைந்தது. இத்தகைய வேலைகளில் உழைத்தவர்களில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகளும் உண்டு. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துத் தண்ணீர்மலைக்குப் போகிறோம். அந்தப் பெயரில் இருக்கும் தண்ணீர் இந்த ஊரின் உயிரைக் காத்த தண்ணீர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். நல்ல குடிநீர் வரும் தெருவுக்கும் கிணற்றையும் கால்வாயையும் நம்பிய தெருவுக்கும் இடையே காலரா வரும்போது வேறுபாடு தெரியும். 1817இல் வங்காளத்தில் வெடித்த காலரா கடல்வழியே பரவியபோது, 1820 வாக்கில் பினாங்கையும் தொட்டுச் சயாமுக்குப் போயிற்று.

தாது வருஷமும் தொங்கான்களும்

இனி நம் குடும்பக் கதைக்கு வருகிறேன். 'தாது வருஷப் பஞ்சம்' என்று பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கக்கூடும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. 1876இல் பருவமழை பொய்த்தது. சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு, இன்னும் வடக்கே கடப்பை, கர்னூல், பல்லாரி எல்லாம் காய்ந்தன. இறந்தோர் எண்ணிக்கை 55 லட்சம் என்பது குறைந்த மதிப்பீடு. 80 லட்சத்தைத் தாண்டும் என்பாரும் உண்டு.

மழை ஏன் பொய்த்தது? அன்று தெரியாது. இன்று தெரியும். பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறும் 'எல் நினோ' 1877இல் மிகக் கடுமையாக இருந்தது. இந்திய வானிலைத் துறைக்கு 1904இல் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி உலகெங்குமுள்ள காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டார். இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் தராசுத் தட்டுபோல் ஏறி இறங்குவதை அப்போதுதான் கண்டார். அதற்கும் எல் நினோவுக்கும் உள்ள தொடர்பு 1960களில் விளங்கியது.

ஆனால் மழை பொய்த்தது பாதிக் கதை. மீதிக் கதை மனிதர்கள் செய்தது. ஊரில் உணவு இல்லாத நேரத்திலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரணத்தைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்க, நாள் முழுவதும் கல்லுடைக்கும் கூலிக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். உழைக்கும் உடம்புக்கு அது பற்றாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். வானிலை வரலாற்றில் இவருக்குப் பெரிய இடம் யாரும் கொடுப்பதில்லை; கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டினியால் தளர்ந்த உடலை அடுத்து வரும் நோய் சும்மா விடாது என்பதை மருத்துவக் கணக்கோடு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்.

அப்படியே நடந்தது. முகாம்களில் காலரா. அதைவிடக் கொடுமை, எல்லாரும் ஏங்கிய மழை 1877இன் பிற்பகுதியில் வந்தபோது, அதோடு மலேரியாவும் வந்தது. வறட்சியில் பிழைத்தவர்கள் மழையில் இறந்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆள்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களே அதிகம். ஒரு பகுதியினர் பினாங்குக்கு வந்தார்கள். துறைமுகத்துக்கு வருமுன் ஜெரஜா தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்து நாள்கணக்கில் தடுத்து வைக்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. 'ரஜூலா' கப்பலில் வந்த பாட்டன் பூட்டன் ஜெரஜாவைப் பற்றிச் சொன்ன கதைகள் பல வீடுகளில் உண்டு. தொங்கானும் பாய்மரமும் நீராவிக் கப்பலும் நிற்கும் அந்தத் துறையில் கால் வைத்தவர்கள் அக்கரைக்கு, அன்றைய வெல்லெஸ்லி மாகாணத்துக்கு, அதாவது இன்றைய செபராங் பிறைக்கு அனுப்பப்பட்டார்கள். கலிடோனியா, பைராம் என்று நிபோங் திபால் பக்கத்தில் கரும்புத் தோட்டங்கள். கடலோரச் சதுப்பு நிலம், முழங்கால் சேறு, லயத்து வீடுகளைச் சுற்றித் தேங்கிய நீர். தொழிலாளர் நிலைமையை ஆராய 1890இல் நீரிணைக் குடியேற்ற அரசே ஓர் ஆணையம் அமைக்க வேண்டி வந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வறட்சி, கடலுக்கு அந்தப் பக்கம் பசியாகத் தொடங்கி, இந்தப் பக்கம் காய்ச்சலாக முடிந்தது. வானிலை செய்யும் கேட்டை அந்தந்த ஊர் எல்லைக்குள் மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள் இப்படிப்பட்ட சாவுகளைத் தவறவிடுகிறார்கள்.

கானும் கொசுவும்

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில் அதை நம் நாட்டில் செயலாக்கிக் காட்டியவர் மால்கம் வாட்சன் என்ற அரசு மருத்துவர். 1901இல் கிள்ளானும் புதிதாகத் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகமும் காய்ச்சலால் முடங்கிக் கிடந்தன. அவர் நகரைச் சுற்றியுள்ள சதுப்பை வெட்டி வடித்தார், காய்ச்சல் குறைந்தது.

அதன்பின் நடந்ததுதான் சுவையான பாடம். தாழ்நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா குறைகிறது என்று கண்ட அவர், மலைப்பாங்கான ரப்பர் தோட்டங்களில் அதையே செய்தபோது காய்ச்சல் கூடியது! காரணம், கொசுவில் இரு சாதி. ஒன்று, நிழலான காட்டுச் சதுப்பில் முட்டையிடும். மற்றொன்று, வெயில் படும் தெளிந்த மலை ஓடையைத் தேடும். காட்டை வெட்டினால் முதல் கொசு போகும். ஓடையில் வெயில் விழுந்து இரண்டாவது கொசு வரும். ஆகவே மலைத் தோட்டங்களில் நீரைக் குழாய் போட்டு மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. முடியாத இடத்தில் கான்களில் எண்ணெய் தெளிக்க வேண்டியிருந்தது. தகர டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு வாரந்தோறும் கானோரம் நடந்து எண்ணெய் தெளித்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். மலாயாவில் மலேரியா குறைந்ததைப் பற்றிய புத்தகங்களில் டாக்டர்களின் பெயர் இருக்கிறது. எண்ணெய் தெளித்தவர்களின் பெயர் இல்லை.

ஒரே மழைதான் எல்லா இடத்திலும் பெய்கிறது. நிலத்தை என்ன செய்தோம் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு நோயாக மாறுகிறது. இன்றைய பினாங்குக்கு மலேரியா பெரிய கவலையன்று. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது டிங்கி.

டிங்கியின் வரலாற்றில் பினாங்குக்கு ஒரு வேண்டாத பெருமை உண்டு. ரத்தக் கசிவோடு ஆளைக் கொல்லும் கடுமையான டிங்கி 1950களில் மணிலாவிலும், 1958இல் பேங்காக்கிலும் தோன்றியது. மலாயாவில் முதலில் பதிவானது 1962இல் பினாங்கில். ஏன் இங்கே என்று கேட்டால், துறைமுகம், நெருக்கமான கடைவீடுகள், குளியலறைத் தொட்டி, தண்ணீர் ஜாடி என்று பல காரணங்களைச் சொல்லலாம். ஏடிஸ் கொசு சாக்கடையை விரும்பாது. நாம் பத்திரமாகப் பிடித்து வைக்கும் சுத்தமான தண்ணீர்தான் அதற்கு வேண்டும். மழை மிகுந்தால் வெளியே முட்டையிடும். மழை குறைந்து குழாயில் நீர் வராத நாள்களில், நாம் வாளிகளில் பிடித்து வைக்கும்போது வீட்டுக்குள்ளேயே முட்டையிடும். வெப்பம் கூடக்கூட அதன் உடலில் கிருமி வேகமாகப் பெருகும். இப்படி மூன்று பக்கமும் லாபம் பார்க்கும் எதிரி வேறு இல்லை. 1975இல் கொசு வளரும் இடம் வைத்திருப்போருக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் வந்தது. ஆனாலும் நாடு முழுவதும் 2015இல் 120,836 பேருக்கு டிங்கி கண்டு 336 பேர் இறந்தார்கள். 2019இல் நோயாளிகள் 130,101 பேர். சட்டம் இருந்தும் எண்ணிக்கை ஏறியதற்குக் கொசுவை மட்டும் குறை சொல்வது எளிது. கட்டி முடிக்காமல் விட்ட கட்டடங்களையும், குப்பை அள்ளாத பின் சந்துகளையும் யார் பார்ப்பது?

வெயிலும் புகையும்

வெள்ளத்தைப் பார்க்கிறோம்; வெப்பம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் சுப்பிங்கில் வெப்பநிலை 40.1 பாகை. நாட்டில் பதிவானவற்றில் அதுவே உச்சம். அதுவும் ஓர் எல் நினோ காலம். அதே எல் நினோ 1997இல் இந்தோனேசியக் காட்டுத்தீயைத் தூண்டிவிட, சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் புகை மூட்டம் சூழ்ந்தது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐ எட்டியது. முந்நூறைத் தாண்டினாலே அபாயம். 2015இல் மறுபடியும் புகை. பினாங்கு உட்படப் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடினார்கள். 2016 ஏப்ரலில் கடும் வெயிலால் கெடாவிலும் பெர்லிஸிலும் பள்ளிகளை மூடினார்கள். தாது வருஷத்தில் நம் முன்னோரை ஊரைவிட்டு விரட்டிய அதே கடல்தான், பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மூட வைத்தது.

பள்ளியை மூடலாம், கட்டட வேலையை யார் மூடுகிறார்கள்? உச்சி வெயிலில் கம்பி கட்டுகிறவரின் உடல் வேர்வையால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்தால் வேர்வை உலராது. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டினால் மூளை குழம்பும், சிறுநீரகம் பழுதுபடும். பினாங்கில் இன்று அந்த வேலையைச் செய்வோரில் பெரும்பாலோர் பங்களாதேஷ், இந்தோனேசியா, மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். 2017 நவம்பர் வெள்ளத்துக்கு இரு வாரம் முன்பு, அக்டோபர் 21ஆம் நாள், தஞ்சோங் பூங்காவில் கட்டட வேலையிடத்தில் மண்சரிந்து 11 பேர் புதைந்து இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஒரு காலத்தில் கரும்புத் தோட்டத்தில் நாம் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

மலைச்சரிவுகளை வெட்டாதீர்கள் என்று பல்லாண்டுகள் விடாமல் சொல்லி வந்தவர் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்து 2019 மே மாதம் மறைந்தார். அவர் சங்கம் தமிழிலும் எழுதியது, பேசியது. வளர்ச்சிக்குத் தடை போடுகிறார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அவர் சொன்ன எல்லாவற்றையும் நானும் ஏற்பதில்லை. ஆனால் மரம் போன மலையில் மழை நிற்காமல் நேரே ஆற்றுக்குள் இறங்கும், ஆறு தாங்காவிட்டால் தாழ்ந்த கம்போங் வீடுகளுக்குள் நுழையும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. சுங்கை பினாங்கு வெள்ளத் தடுப்புத் திட்டமோ பல ஆண்டுகள் பேச்சிலேயே இழுபட்டது.

ஏழை நாடு என்பதால் மட்டும் சாவு எழுதி வைத்ததா?

இல்லை. இதற்குப் பங்களாதேஷ்தான் நல்ல சாட்சி. 1970 போலா புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1991 புயலில் சுமார் 138,000 பேர். 2007இல் சிடர் புயல் மிகக் கடுமையாக வந்தது. இறந்தவர் சுமார் 3,400. அதற்குள் அந்த நாடு பணக்கார நாடாகிவிடவில்லை. தூண்கள் மேல் நிற்கும் புயல் காப்பகங்களைக் கட்டினார்கள். சைக்கிளில் ஒலிபெருக்கியோடு ஊர் ஊராய்ப் போய் எச்சரிக்கத் தொண்டர்களைப் பழக்கினார்கள்.

இன்னொன்றும் அந்த மண்ணிலிருந்தே வந்தது. 1971 போரின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்து குவிந்தார்கள். மழைக்காலம், பன்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனபிஸ், உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று கிளினிக்கில் கிடைக்கும் அந்தப் பொட்டலத்தை வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் நினைக்கிறோம். அவர் 2022இல் காலமானார்.

நம் நாட்டுக்கு மருத்துவமனைகளும் மருந்தும் பஞ்சமில்லை. இங்கே ஆபத்து வேறு உருவில் வருகிறது. 2019 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர்; இந்தியர்களிடையே அதைவிட அதிகம். நள்ளிரவில் இடுப்பளவு நீரில் வெளியேறுகிறவர் இன்சுலினை எடுத்துக்கொண்டா ஓடுவார்? எடுத்தாலும் துயர் துடைப்பு மையத்தில் அதை வைக்கக் குளிர்பெட்டி வேண்டும். வாரம் மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவருக்கு இரண்டு முறை தவறினாலே உயிராபத்து. இவர்கள் யாரும் நீரில் மூழ்கி இறந்தவர் பட்டியலில் வரமாட்டார்கள். இனிப்பு நீர்க்காரரின் உணர்விழந்த பாதத்தில் சேற்றுக்குள் கண்ணாடித் துண்டு குத்தினால் அவருக்குத் தெரியாது. தெரியும்போது விரலை எடுக்க வேண்டிய நிலை.

கடைசியாக, வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவுவது பற்றி அரங்கில் பலர் கேட்டதால் சொல்லி முடிக்கிறேன். ரப்பர் பூட்ஸ், கையுறை இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். இல்லாவிட்டால் காயத்தையாவது நீர் புகாத பிளாஸ்திரியால் மூடிக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் தசை வலியும் வந்தால், குறிப்பாகக் கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால், டாக்டரிடம் "நான் வெள்ளத் தண்ணீரில் நின்றேன்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். டிங்கியும் எலிக் காய்ச்சலும் தொடக்கத்தில் ஒன்று போலவே இருக்கும். எலிக் காய்ச்சலுக்குக் கிருமிக்கொல்லி மருந்து உண்டு. முதல் சில நாள்களில் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். டிங்கிக்கு அந்த மருந்து பயன்படாது; நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆஸ்பிரின் தொடவே கூடாது. எது என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் எதைத் தேடுவது என்று டாக்டருக்குத் தெரிவது நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில்தான்.